ஊஞ்சப்பாளையத்து ரேஸ் கார்

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஊஞ்சப்பாளையம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே மாவு மில் வைத்திருந்த திருமூர்த்தி நல்ல மனுஷன். யாரையும் ஏமாற்ற மாட்டான். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வான். அவனுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

அவனிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அவன் மனைவி வசுமதி டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவது அதில்தான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சகலை பூபதி, இலைக்கு இலை கேட்கும்படியாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க சகலை, வர்ற வழியில மேட்டுல உங்க வண்டியப் பாத்தனுங்க. ஓடிட்டு இருந்துதுங்களா, நிறுத்தி வெச்சிருந்தீங்களா?"

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றியவர் சிரித்த சிரிப்பில் பாயசம் திருமூர்த்தியின் ரசச் சோற்றில் விழுந்தது. அவன் பாயசமும் ரசமும் கலந்த அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து இலையை மூடும்போது முடிவு செய்துவிட்டான். இந்தக் காரையே ரேஸ் கார் ஆக்கி, கோயமுத்தூர் ரேஸில் ஓட்டி, பூபதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுவது.

கூட்டாளிகள் இரண்டு பேர். உரக்கடை நாச்சிமுத்து யோசனை சொல்பவன். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். பாதி நேரம் தூங்கியும்விடுவான். செல்லதுரை கிரில் கேட் அடிக்கும் வெல்டிங் பட்டறைக்காரன். அவனிடம் எதைக் கொடுத்தாலும் எதோடாவது ஒட்டித் திருப்பித் தருவான்.

மூவருக்கும் வழி சொல்ல, கோயமுத்தூரில் ரேஸ் கார்களோடே காலம் தள்ளிய ஆல்பர்ட் என்ற மெக்கானிக் சம்மதித்தார். நேரில் வர அவருக்கு நேரமில்லை. எல்லாம் போனில்தான். அவர் நேரில் வந்திருந்தால் இந்தக் கதை முதல் நாளே முடிந்திருக்கும்.

"மொதல்ல எடையக் குறைங்க தம்பி," என்றார் ஆல்பர்ட். "இருக்குற எடையப் பாத்துக்குங்க. அப்பறம் ரேஸுக்குத் தேவையில்லாதத எல்லாம் கழட்டுங்க."

திருமூர்த்தி தேங்காய் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடை மேடைக்குக் காரைத் தனியாக ஓட்டிப்போய் எடை போட்டு வந்தான். பிறகு மூவரும் காரைச் சுற்றி உட்கார்ந்து, எது தேவை எது தேவையில்லை என்று விவாதித்தார்கள்.

"பின் சீட்டு வேண்டாம்," என்றான் செல்லதுரை. கழற்றினார்கள். ஏசி வேண்டாம் என்று அதையும் கழற்றினார்கள்.

"ஹாரன்?"

"வழியில ஆடு மாடு வந்தா?"

"ரேஸ்ல ஆடு மாட்ட விடமாட்டாங்க. அதுகளுக்கு லைசென்ஸ் கிடையாது," என்றான் நாச்சிமுத்து. ஹாரன் போனது.

ரியர்வியூ கண்ணாடியில்தான் கொஞ்சம் சிக்கல். பின்னால் வருபவனைப் பார்க்க அது வேண்டும் என்றான் திருமூர்த்தி. நாச்சிமுத்து கண்ணை மூடி வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"நமக்குப் பின்னாடி யாருடா வரப்போறா?"

மூன்று பேரும் தலை குனிந்து அதை ஒப்புக்கொண்டார்கள். கண்ணாடியும் போனது.

கழற்றிய சாமான்களை வாசலில் போட்டால் வசுமதி டீச்சர் கண்ணில் படும். அதனால் எல்லாவற்றையும் பத்திரமாகக் காருக்குள்ளேயே அடுக்கினார்கள். பின் சீட்டு இருந்த இடத்தில் பின் சீட்டைத் தலைகீழாகச் செருகி, அதன்மேல் ஏசியை வைத்து, அதன்மேல் நாச்சிமுத்து உட்கார்ந்து, செல்லதுரை மடியில் ஹாரனை வைத்துக்கொண்டு, மூவருமாக எடை மேடைக்குப் போனார்கள்.

எடை கூடியிருந்தது.

திருமூர்த்தி கீழே இறங்காமலே தலையை வெளியே நீட்டினான். "ஏன்டா, கழட்டக் கழட்ட எடை ஏறுதே?"

"வெளிய தெரிஞ்ச எடையக் கழட்டிட்டோம். உள்ள ஒளிஞ்சிருந்த எடை இப்பத்தான் வெளிய வருது," என்றான் நாச்சிமுத்து.

எடை மேடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கழட்டுன சாமானெல்லாம் எங்கீங்க?"

"பத்திரமா இருக்குதுங்க. வண்டியிலயே வெச்சிருக்கறமுங்க."

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாமானையும் ஆட்களையும் இறக்கச் சொன்னார். எடை மளமளவென்று இறங்கியது. கடைசியில் திருமூர்த்தியும் இறங்கியபோது இன்னும் இறங்கியது.

"பாத்தியா?" என்றான் செல்லதுரை தாழ்ந்த குரலில். "இவன்தான்டா இருக்குறதுலயே பெரிய எடை. இவனக் கழட்டிட்டா நாம ஜெயிச்சோம்."

டிரைவர் தேவையா, தேவையில்லையா என்ற விவாதம் மாலை வரை நடந்தது. தேவை என்ற கட்சி ஒரு ஓட்டில் ஜெயித்தது. அந்த ஓட்டு திருமூர்த்தியுடையது.

அடுத்து ஆல்பர்ட், வண்டியைத் தாழ்த்தச் சொன்னார். "வண்டிக்கும் தரைக்கும் நடுவுல இடமே இருக்கக் கூடாது தம்பி. அப்பத்தான் திருப்பத்துல புடிச்சு நிக்கும்."

நாச்சிமுத்து கண்ணை மூடினான். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. "வண்டியத் தாழ்த்துறது பெரிய வேலை. தரைய உசத்திட்டா?"

உடனே ஒரு டிராக்டர் செம்மண் வந்து இறங்கியது. காருக்கு அடியில் நாலு பக்கமும் தள்ளி மிதித்தார்கள். பார்க்க அற்புதமாக இருந்தது. வண்டி தரையோடு தரையாக, பதுங்கிய புலி மாதிரி நின்றது. திருமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணினான். திருப்பத்தில் மட்டும் இல்லை, நேர் ரோட்டிலும் வண்டி அப்படியே பிடித்து நின்றது. அசையவே இல்லை.

வசுமதி டீச்சர் சாயங்காலம் வந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள். சத்தம் போடவில்லை.

"ஏனுங்க, வண்டிய எதுக்கு நட்டு வெச்சிருக்கீங்க?"

"தாழ்த்தியிருக்கோம் வசு."

"சரீங்க. ஞாயித்துக்கிழமை உங்க ரேஸு. திங்கக்கிழமை காலையில எனக்கு ஸ்கூலுக்கு வண்டி வேணும். அதுக்குள்ள முளைச்சு வெளிய வந்துருமில்லீங்க?"

அவன் ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டு, ரேஸ் நடக்கும் இடத்திலும் இதுபோல் மண் கொட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். ஆல்பர்ட் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அடுத்த வேலையைச் சொன்னார்.

"உள்ள ஒரு கூண்டு கட்டணும். வண்டி உருண்டாலும் உள்ள இருக்குறவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. இரும்புல, நல்லா கெட்டியா."

இதைக் கேட்டதும் செல்லதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் யாரும் அவனிடம் கெட்டியாகக் கேட்டதில்லை, மலிவாகத்தான் கேட்டிருக்கிறார்கள். டிரைவர் சீட்டைச் சுற்றி நாலு பக்கமும் கம்பி வைத்து, இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில் வைத்து, ஏறி இறங்க ஒரு சின்ன கேட் வைத்து, கேட்டுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளும் பூட்டும் வைத்தான்.

"பூட்டு எதுக்குடா?" என்றான் திருமூர்த்தி, உள்ளே உட்கார்ந்துகொண்டு.

"கேட்டுன்னா பூட்டு இல்லாம எப்படிடா?"

சாவியை நாச்சிமுத்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

டயர் விஷயத்தில் மட்டும் கஷ்டமே இல்லை. ரேஸ் டயர் வழவழவென்று இருக்க வேண்டும் என்றார் ஆல்பர்ட். திருமூர்த்தியின் டயர்கள் எப்போதோ வழவழவென்று ஆகியிருந்தன. அவனுடைய பொருள் ஒன்றைப் பெரிய மனுஷர் ஒருவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான்.

"கடைசியா ஒண்ணு," என்றார் ஆல்பர்ட். "வண்டியோட ரெண்டு பக்கமும் பெருசா நம்பர் போடணும். தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்."

"யாரு நம்பருங்ணா?"

"உங்க நம்பர்தான் தம்பி."

திருமூர்த்தி தன் செல்போன் நம்பரைப் பெரிதாக எழுதவைத்தான். பக்கவாட்டில் இடம் போதாமல் கடைசி இரண்டு எண்கள் பின்பக்கக் கண்ணாடிக்குப் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்ணைத் தோண்டிக் காரை எடுத்து, கோயமுத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். டயர் சூடாக இருந்தால்தான் பிடிமானம் என்று ஆல்பர்ட் சொல்லியிருந்ததால், போய் இறங்கியதும் நாலு டயருக்கும் கம்பளி போர்த்தினார்கள். செல்லதுரை புறங்கையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "முன்னாடி ரெண்டும் பரவால்ல, பின்னாடி இன்னும் காய்ச்சல் வரல," என்றான்.

வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி வந்தார். கம்பிகளை உலுக்கிப் பார்த்தார். கட்டடமே ஆடினாலும் அது ஆடாது. மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மயில் வைக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எடுத்துவந்த ஏழாம் எண் ஸ்டிக்கரை முன்பக்கம் ஒட்டிவிட்டு, "இந்தப் பூட்டக் கழட்டிடுங்க," என்றார்.

"சரீங்க சார்," என்று உடனே கழற்றினான் நாச்சிமுத்து. அதிகாரி அடுத்த வண்டிக்குப் போனதும் திருமூர்த்தியை உள்ளே ஏற்றித் திரும்ப மாட்டினான்.

"கழட்டச் சொன்னாருல்ல?" என்றான் திருமூர்த்தி.

"கழட்டினோமே. மறுபடி மாட்டக் கூடாதுன்னு அவரு சொல்லலையே."

கிளம்புமுன் ஆல்பர்ட் ஓடி வந்தார். காரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடி, பிறகு ரொம்ப அவசியமானதை மட்டும் சொன்னார்.

"தம்பி, கறுப்பும் வெள்ளையுமா கட்டம் போட்ட கொடி காட்டுவாங்க. அது உங்களுக்குக் காட்டுற வரைக்கும் என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க."

"சரீங்ணா."

கிளம்பச் சொல்லும் கொடி அசைந்தது. எல்லா வண்டிகளும் பறந்தன. திருமூர்த்தியும் போனான். அவன் மோசமாக ஓட்டினான் என்று சொல்ல முடியாது. எல்லாரும் ஒரு சுற்று முடிக்கும்போது அவனும் கணிசமான தூரம் முடித்திருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பூபதியும் வசுமதியும் நிற்பது தெரிந்தது. கையை ஆட்ட நினைத்தான், கம்பி இடித்தது.

ரேஸ் முடிந்தது. சிவப்புக் கார் ஒன்று முதலாவதாக வந்தது. கட்டம் போட்ட கொடியை ஆட்டினார்கள். பின்னால் வந்த எல்லாரும் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார்கள். திருமூர்த்தியும் பார்த்தான். பார்த்து, அந்தச் சிவப்புக் காருக்காக மனதாரச் சந்தோஷப்பட்டான். அடுத்தவருக்குக் காட்டிய கொடிக்குத் தான் நிற்பது என்ன நியாயம்? அவன் போய்க்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு வேகம் பிடித்தது. நீலக் காரை முந்தினான். மஞ்சளை முந்தினான். ஜெயித்த சிவப்புக் காரையே முந்தினான். ஒரு வண்டி பாக்கியில்லை. எல்லாம் ஓரமாக வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வேலியோரம் நிறுத்தியிருந்த பூபதியின் புதுக் காரையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை முந்தினான். உள்ளுக்குள் குளிர்ந்தது.

அதிகாரிகள் கையைக் காட்டினார்கள். அவனும் மரியாதையாகத் தலையை ஆட்டினான். ஒருவருக்கு, வண்டியில் இருப்பது போன் நம்பர் என்று விளங்கியது. கடைசி இரண்டு எண்களைப் படிக்க வண்டி தாண்டிப் போகும்வரை காத்திருந்து போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டானுங்க," என்றான் நாச்சிமுத்து பெருமையாக. "வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாதுங்களே."

"நீயாவது போய் நிறுத்தச் சொல்லேன்யா!"

"கொடி காட்டாம நிறுத்தக் கூடாதுன்னு ஆல்பர்ட் அண்ணன் சொல்லியிருக்காருங்க."

கொடிக்காரர் எங்கே என்று தேடினார்கள். அவர் சாப்பிடப் போயிருந்தார். வாயில் சோற்றோடு அவரை இழுத்துக்கொண்டு வருவதற்குள், பெட்ரோல் தீர்ந்து கார், ரேஸ் முடியும் கோட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் தானாக நின்றுவிட்டது. கொடிக்காரர் அங்கேயே ஓடிப்போய் அவன் முகத்துக்கு நேராகக் கொடியை ஆட்டினார்.

"நின்ன வண்டிக்குக் காட்டினா செல்லாதுங்க," என்றான் திருமூர்த்தி கம்பிக்குள்ளிருந்து, பணிவாக. "ஓடற வண்டிக்குக் காட்டணுமுங்க."

அடுத்த பந்தயத்துக்காரர்கள் வெயிலில் காத்திருந்தார்கள். வேறு வழியில்லை. அதிகாரிகளும், ஆல்பர்ட்டும், செல்லதுரையும், ஜெயித்த சிவப்புக் கார்க்காரரும், கடைசியில் சகலை பூபதியுமாகச் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். நாச்சிமுத்து முன்னால் நின்று, "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, வா," என்று கையைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தான். கொடிக்காரர் கொடியை ஆட்டினார். கார் கோட்டைத் தாண்டியது. கூட்டம் கை தட்டியது. பூபதி மூச்சு வாங்க, "சகலை, உங்க வண்டியத் தள்றதே கஷ்டமுங்க, ஓட்டறது பெரிய விஷயந்தானுங்க," என்றார். திருமூர்த்தி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

வசுமதி டீச்சர் வந்தாள். "போதுமுங்க. இறங்கி வாங்க, வீட்டுக்குப் போலாம்."

ஆனால் செல்லதுரை கோட்டைப் பார்த்தபடி யோசனையாக நின்றான். "ஒரு நிமிஷமுங்க டீச்சர். கோட்ட மொதல்ல தாண்டுனது காரு இல்லீங்க. நாச்சிமுத்து."

எல்லாரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவும் தன் காலைப் பார்த்துக்கொண்டான். உண்மைதான். காருக்கு முன்னால் பின்னோக்கி நடந்து, அவன்தான் முதலில் தாண்டியிருந்தான்.

ஜெயிக்க வந்தவன் திருமூர்த்திதான். ஆனாலும் நியாயம் நியாயம்தான். கம்பி இடுக்கில் கையை நீட்டி, "நீ ஜெயிச்சுட்டடா," என்று குலுக்கினான்.

"செல்லாது," என்றான் செல்லதுரை. "ஹெல்மெட் போடாமத் தாண்டியிருக்கான்."

மூவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். ஆல்பர்ட் அதற்குள் எங்கோ போய் நிழலில் உட்கார்ந்துவிட்டார். முடிவாக, திருமூர்த்தியின் ஹெல்மெட்டைக் கம்பி வழியாக வாங்க முடியாமல் சிவப்புக் கார்க்காரரிடம் இரவல் வாங்கி, நாச்சிமுத்து தலையில் மாட்டி, பட்டையை இறுக்கினான். கோட்டில் வந்து நின்றான். செல்லதுரை கைக்குட்டையை அசைத்தான். ஜெயித்தது செல்லுபடியாக, நாச்சிமுத்து ஒரு முழுச் சுற்று ஓடக் கிளம்பினான்.

"ஏனுங்க, அந்தப் பூட்டுச் சாவி?" என்றாள் வசுமதி.

"அவன் சட்டைப் பையிலதான் இருக்குது. சுத்தி வரட்டும், திறந்துக்கலாம்."

அவள் அங்கிருந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை எடுத்தாள்.

திருமூர்த்தி கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தான். தூரத்தில், ஆளே இல்லாத அந்த அகலமான ரோட்டில், நாச்சிமுத்து முதல் திருப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தான். திருப்பம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்து, வலது கையை நீட்டிச் சிக்னல் காட்டிவிட்டு, மெதுவாகத் திரும்பினான்.

"நல்ல டிரைவர்," என்றான் திருமூர்த்தி.