ஆவுடைக்கு ஒரு சொல்

மனிதன் எப்படிக் கற்கிறான் என்று, வாத்தியார் வேலைக்குப் படிக்க வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவர் அம்பலவாணன். ஊருக்கே பாடம் சொன்ன மனுஷன், பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த மனைவி ஆவுடைக்கு ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்க முடியாமல் நொறுங்கிப்போனார். ஆற்றங்கரை மடத்துக்கு வந்து, தன் குரு சிவகாமி அம்மை முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார்.

அம்மை அவரைவிட வயதில் சின்னவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரிந்த வித்தையெல்லாம் காட்டிவிட்டேன் தாயே. ஒன்றும் ஏறவில்லை."

"என்னென்ன வித்தை?"

"பார்த்துப் பழகட்டும் என்று வாயசைத்துக் காட்டினேன். தெரிந்ததிலிருந்துதான் தெரியாததற்குப் போகணும் என்று கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். கடைசியில், சொன்னால்தான் கஞ்சி என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன்."

"அட பாவி மனுஷா! பசியோடவா?"

"பரிசு இருந்தால் பழக்கம் வரும் தாயே. அப்படித்தானே பாடம்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

"அப்படி என்ன சொல்?"

"என் பெயர்."

அம்மையின் கை நின்றது. "முன்னே எப்போதாவது சொல்லியிருக்கிறாளா?"

"புருஷன் பெயரை எந்தப் பொம்பளை சொல்வாள்? கோயிலில்கூட 'உங்க பேருள்ள சாமி' என்றுதான் கும்பிடுவாள். போகிறதுக்குள்ளே ஒரு தரம் அவள் வாயால் கேட்டுவிட மாட்டேனா என்று இருந்தது."

"பிறகு உம்மை எப்படித்தான் கூப்பிடுவாள்?"

"வாய் திறந்து கூப்பிட மாட்டாள். வளையலைத் தட்டுவாள். சத்தம் கேட்டால் நான் போவேன்."

"இப்போதும் தட்டுகிறாளா?"

"தட்டினாள். நல்லாயிருக்கிற கையால் கட்டில் சட்டத்தில் ஓயாமல் தட்டினாள். பாடத்தில் கவனம் நிற்கவில்லையே என்று..."

தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அம்பலவாணனுக்கே உறைத்தது.

"என்று?"

"வளையலைக் கழற்றிவைத்துவிட்டேன்."

"ஐயோ, நீர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மை தடுக்கவில்லை.

"அன்றிலிருந்து கை அசைக்கவில்லை தாயே. கண் திறக்கவில்லை. கஞ்சியை நானே கொண்டுபோய் ஊட்டினாலும் வாய் திறப்பதில்லை. இனி அவளுக்கு எதுவுமே ஏறாதா?"

"ஏறிவிட்டதே, வாத்தியாரே. கூப்பிட்டால் நீர் வரமாட்டீர் என்பது ஏறிவிட்டது."