கள் கேட்ட யானையும் தூக்கம் கெட்ட அரசனும்

கதை கேட்க வந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

இன்று ஓடும் ஆறுகளுக்கு இந்தப் பெயர்கள் வருவதற்கு முன்பே, புன்னைக்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. பெருஞ்சாத்தன் என்ற அரசன் அதை ஆண்டான். நல்லவன்தான். குடிமக்கள் பசியோடு படுக்கப் பொறுக்க மாட்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். போருக்குப் புறப்படும் காலையில் அரசன் தன் கையாலேயே கள் வார்ப்பான். முதலில் பட்டத்து யானைக்கு, அடுத்து முன்வரிசை வீரர்களுக்கு. பயம் தெரியாமல் இருக்க வேண்டுமாம்! அதைப் பெரிய மரியாதை என்று வேறு நினைத்தார்கள். பெருஞ்சாத்தனும் ஒரு போருக்குப் புறப்பட்டபோது அப்படித்தான் வார்த்தான். கார்முகில் என்ற பட்டத்து யானை தாழி நிறையக் குடித்தது. அதன் காலடியில் நின்ற கொற்றன் என்ற வீரன் அதே தாழியில் வாங்கிக் குடித்தான்.

போரில் வென்றார்கள். ஆனால் திரும்பி வந்த மூன்று பேருக்கு அந்தப் போர் முடியவே இல்லை.

முதலாவது, யானை. முரசுச் சத்தம் கேட்டாலே அதற்கு உடம்பு நடுங்கியது. கள் கொடுத்தால்தான் அடங்கியது. கொடுக்காத நாளில் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்க் கள்ளுக்கடைப் பானைகளை உடைத்துக் குடித்தது.

இரண்டாவது, கொற்றன். கண்ணை மூடினால் பக்கத்தில் நின்று செத்தவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். அவர்களை விரட்டக் குடித்தான். நிலத்தை உழவில்லை. விதைநெல்லையும் கள்ளுக்கே கொடுத்தான். அவன் மனைவி வேம்பி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை நான் சொல்லி மாளாது.

மூன்றாவது, அரசன். அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. வைத்தியர் பாலில் கொஞ்சம் அபினி கலந்து கொடுத்தார். முதலில் கடுகளவு. பிறகு மிளகளவு. பிறகு சுண்டைக்காய் அளவு. இடுப்பில் ஒரு தந்தச் சிமிழில் அதை எப்போதும் வைத்திருந்தான். கொற்றன் குடித்தால் அதற்குக் குடி என்று பெயர். அரசன் சாப்பிட்டால் மருந்து என்று பெயர். உலகம் அப்படித்தானே!

ஒருநாள் யானை சந்தைக்குள் புகுந்து பந்தல்களைச் சாய்த்தது. அமைச்சர் வேல்விட்டுக் கொல்லச் சொன்னார். ஊரே திரண்டு அரண்மனை வாசலில் நின்றது. “வாயில்லாத ஜீவன். அதுக்கு என்ன தெரியும்? நாமதானே பழக்கினோம்” என்று அழுதார்கள். அரசனுக்கும் மனம் கரைந்தது. யானையைத் தேற்றும் வேலையைப் பாகன் நொச்சியிடம் விட்டான்.

நொச்சி யானையை நாவல் தோப்புக்குக் கொண்டுபோனான். அந்தப் பக்கம் யாரும் முரசு கொட்டக் கூடாது என்றான். கள்ளை ஒரேயடியாக நிறுத்தாமல், நாளுக்கு நாள் கொஞ்சம் குறைத்து, கஞ்சித் தண்ணீரைக் கூட்டினான். நடுக்கம் வந்தால் குளத்தில் இறக்கி முதுகில் தண்ணீர் விட்டான். பெண்கள் வெல்லச்சோறு அனுப்பினார்கள். பிள்ளைகள் கரும்பு கொண்டுவந்தார்கள்.

யானை மூன்று தடவை கள்ளுக்கடைக்கு ஓடிப்போனது. மூன்று தடவையும் நொச்சி பின்னாலேயே போய்த் தும்பிக்கையைத் தடவிக் கூட்டிவந்தான். ஒரு அடி அடிக்கவில்லை. “சரி, மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்” என்பான். அவ்வளவுதான். மழைக்காலம் வருவதற்குள் யானை தெளிந்துவிட்டது. ஊர் கொண்டாடியது.

அந்த மழைக்காலத்தில்தான் கொற்றன் தெருவில் குடித்துவிட்டு விழுந்து மூன்றாம் தடவையாகப் பிடிபட்டான். மூன்றாம் தடவை பிடிபட்டால் நாடு கடத்த வேண்டும் என்பது சட்டம். எல்லைக்கு அப்பால் புலி உலாவும் காடு. போனவர் யாரும் திரும்பியதில்லை. “தொலையட்டும், குடிகாரப் பயல்” என்றது ஊர். யானைக்காக அழுத அதே ஊர்தான்.

சபையில் கொற்றன் தலைகுனிந்து நின்றான். அரசன் தண்டனையைச் சொல்ல வாயெடுத்தான். வேம்பி பிள்ளைகளோடு வந்து குறுக்கே விழுந்தாள்.

“மகாராசா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆனை குடிச்ச தாழியிலதான் இவரும் குடிச்சாரு. நீங்கதான் ஊத்துனீங்க. ஆனைக்குத் தோப்பு குடுத்தீங்க, இவருக்குக் காடா? வாயில்லாத சீவன்னு அதுக்கு எரக்கப்பட்டீங்க. என் புருசனுக்கு வாய் இருக்கறதுதான் குத்தமா?”

அமைச்சர் சினந்தார். “யானையும் மனிதனும் ஒன்றா? இவனுக்குப் புத்தி இருக்கிறது. வேண்டாமென்று விட்டுவிட வேண்டியதுதானே?”

அரசனின் கை இடுப்பைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. கடைசியில் சிமிழை எடுத்து எல்லாரும் பார்க்கத் தரையில் வைத்தான்.

“அமைச்சரே, எனக்கும் புத்தி இருக்கிறது. என்னால் இதை விட முடியவில்லையே.”

பிறகு சிம்மாசனத்தை விட்டு இறங்கிக் கொற்றனிடம் வந்தான். “உனக்கு அந்தக் கள்ளை வார்த்தவன் நான். வா, இருவரும் தோப்புக்குப் போவோம்” என்றான். கொற்றன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அன்றே கள் வார்க்கும் வழக்கமும் நாடு கடத்தும் சட்டமும் ஒழிந்தன. நாவல் மரத்தடியில் அரசனும் வீரனும் ஆளுக்கொரு பாயில் கிடந்தார்கள். உடம்பை முறித்தது, குமட்டியது, வியர்த்தது. ஒருவன் நடுங்கும்போது மற்றவன் கையைப் பிடித்துக்கொண்டான். இருவருக்கும் கஞ்சி காய்ச்சியது வேம்பி. ஊர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். சூதை விட முடியாத வணிகன் ஒருவன் வந்தான். பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து யாரோடும் பேசாத புலவர் மகள் ஒருத்தி வந்து யானை அருகில் உட்கார்ந்தாள்.

கதை இங்கேயே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை. அறுவடைக் காலத்தில் ஒருநாள் அரசன் யாருக்கும் தெரியாமல் வைத்தியரிடம் போய் அபினி வாங்கித் தின்றுவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அரண்மனைக் கதவைச் சாத்திக்கொண்டான். “இனி எந்த முகத்தோடு தோப்புக்குப் போவேன்? நான் செத்தாலும் பரவாயில்லை” என்று கிடந்தான்.

செய்தி தோப்புக்கு வந்தது. வேம்பி அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லி அனுப்பினாள்:

“ஆனை மூணு தடவ ஓடிச்சு. மகாராசா ஒரு தடவதானே ஓடியிருக்காரு. கஞ்சி ஆறுது, வரச் சொல்லுங்க.”

அரசன் நடந்தே வந்தான். அவன் இடத்தை அவனுக்காகக் காலியாகவே வைத்திருந்தார்கள். கொற்றன் பாயைத் தட்டிப் போட்டான். “சரி மகாராசா, மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்” என்றான்.

கேட்டுக்கொண்டீர்களா? விட முடியாத பழக்கத்திலோ ஆறாத துயரத்திலோ அகப்பட்டுத் தவிக்கிறவர் அரசனோ ஆண்டியோ, எத்தனை முறை விழுந்தாலும் அத்தனை முறையும் அவரை அழைத்துவந்து நம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும்.