உவரியின் வால்

ஆறும் எண்ணெயும் கொக்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு செக்கடியில் அடுப்பிலேற்றிக் கொதித்த எண்ணெய் பொங்கி, ஈரச் சாம்பலில் வழிந்தது. அதிலிருந்து கண்ணுக்கே தெரியாத பிள்ளைகள் கோடிக்கணக்கில் பிறந்தார்கள். மூத்தவள் உவரி. எல்லாருக்கும் தலை அப்பா சாம்பலின் சாயல். நீண்ட வால் அம்மா எண்ணெயின் சாயல்.

ஆறு சாம்பலுக்குத் தங்கை முறை. பிள்ளைகள் அத்தை வீட்டுக்குப் போனார்கள்.

"தலை வரட்டும். அந்த வாலை உள்ளே கொண்டு வராதீர்கள்" என்றாள் ஆறு. அவளுக்கும் எண்ணெய்க்கும் பேச்சே கிடையாது.

வேறு வழியின்றி, தலையை மட்டும் நீரில் அமிழ்த்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள்.

"அக்கா, இரை தேடும் வாத்து மாதிரியே இருக்கிறாய்" என்றான் கடைசித் தம்பி.

"நீ மட்டும் அன்னமாக்கும்!"

அப்போது ஒரு வெள்ளைக் கொக்கு தத்தித் தத்தி வந்தாள். எண்ணெய்த் தொட்டியில் விழுந்ததில் இறகெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"ஆற்றம்மா, எதிர்க்கரையில் என் குஞ்சுகள் பட்டினி. பறக்க முடியவில்லை. கழுவி விடேன்!"

ஆறு அலைமேல் அலையாக அடித்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எண்ணெய் அசையவில்லை. கொக்கின் கழுத்துதான் துவண்டது.

உவரியால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து, வாலை இறகிலிருந்த எண்ணெயில் ஊன்றினாள். தலையை ஆற்றிடம் நீட்டினாள். "எல்லாரும் வாங்க!"

தம்பி தங்கைகள் சூழ்ந்துகொண்டார்கள். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. எண்ணெய் ஒரு சின்ன உருண்டையாக இறகைவிட்டு எழும்பியது. ஆறு உற்றுப் பார்த்தாள். சுற்றிலும் அண்ணன் முகம், அண்ணன் முகம்.

"அடி என் மருமகளே!" என்று அள்ளிக்கொண்டாள். காலமெல்லாம் ஒதுக்கிய எண்ணெயைத்தான் மடியில் ஏந்திப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியவேயில்லை.

கொக்கு இறகை உதறி எழுந்தாள். அந்த வெண்மை ஆற்றைக் கடப்பதை எல்லாரும் வாய்பிளந்து பார்த்தார்கள்.

"இனி விட்டுவிடலாமா, அக்கா?"

"விட்டால் மறுபடி யார் மேலாவது ஒட்டிக்கொள்ளும். பிடித்தது பிடித்ததுதான்."

"அம்மாவிடம் போகும்போது? அவளுக்கும் அத்தை ஆகாதே!"

உவரி யோசித்தாள். "அப்போது திரும்பி நிற்போம். அத்தையை உள்ளே வைத்துக் கூட்டிப்போவோம்."

அன்று தொடங்கியதுதான்: உவரியின் கூட்டமான சவுக்காரம், நம் சோப்பு, தண்ணீரில் எண்ணெயை மறைத்துச் சுமக்கிறது. அதையே எண்ணெயில் விட்டால், தலைகளையெல்லாம் நடுவே கூட்டி, ஆற்றின் ஒரு துளியைப் பொத்தி வைத்துக்கொள்கிறது.