பாதி நிழலில் ஓடிய முயல்

கருமலை அடிவாரத்தில் வேட்டைக்காரர்கள் வெட்டித் தழையால் மூடிய குழிக்குள் ஒரு யானைக்குட்டி விழுந்து கிடந்தது.

“அம்மா! அம்மா!” என்று பிளிறிப் பிளிறி அதற்குத் தொண்டை கட்டிவிட்டது. தாயோ மலைக்கு அந்தப் பக்கம், ஆற்றோரத்தில் குட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். இடையில் நின்ற மலை எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது.

மேலே மைனா, ஓணான், முயல் மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

“பொழுது சாய்ஞ்சா கயிறோட வந்துடுவாங்க!” என்றது முயல். “அதுக்குள்ள தாய்க்குச் சேதி போகணும்!”

ஆனால் கடுங்கோடை. இந்தப் பக்கத்து ஓடை வற்றி நாலு நாளாகிறது. இந்த வெயிலில் யாருக்கும் மலையைத் தாண்டும் தெம்பில்லை.

“கண்ணுல பட்டவங்ககிட்ட எல்லாம் சொல்லுவோம்! யாராவது ஒருத்தர் கொண்டுபோய்ச் சேர்த்துட மாட்டாங்களா?” என்றது மைனா.

உடனே மைனா மயில் குரலில் அகவியது. மயில்கள் ஓடி வந்தன. மந்தி குரலில் “ஊப்! ஊப்!” என்றது. மந்திகள் குதித்து வந்தன. நரியைப் போல ஊளையிட்டு நரியையும் வரவழைத்தது!

வந்தவர்கள் எல்லாம் நாலு திசையிலும் ஓடினார்கள். எதிரே வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். முள்ளம்பன்றியிடம் மட்டும் ஏழு பேர் சொன்னார்கள்.

“ஐயோ, தெரியும்! தெரியும்யா! விடுங்களேன்!” என்று அது அலறியது.

உச்சி வெயிலில் மந்திகள் மரத்தடியில் சுருண்டன. மயில்கள் அலகைத் திறந்தபடி படுத்துவிட்டன. சேதி சொல்ல ஓடியவர்களில் மலையேற ஒருவரும் மிஞ்சவில்லை. மைனாவுக்கும் குரல் கம்மிவிட்டது.

“பார்த்தியா?” என்று தலையாட்டியது ஓணான். “சும்மா இருந்திருக்கலாம். எருமை முதுகுல உண்ணி பொறுக்கத் தினமும் ஒரு கொக்கு இங்க வரும். அப்புறம் யானைங்ககிட்டதான் போகும். அதுகிட்ட சொல்லிட்டா வேலை முடிஞ்சுது.”

“வரலைன்னா?” என்றது முயல்.

“வரும்மா, வரும்! உட்காரு.”

“அடேய் தலையாட்டி!” மைனா கரகரத்தது. “ஏ நீளக்காதி, நீ எங்கயும் ஓடலையே? காலுல தெம்பிருக்கு. இப்பவே ஓடு!”

முயல் மலையைப் பார்த்தது. பாறை கனன்றது. இப்போது ஓடினால் பாதி ஏற்றத்திலேயே சுருண்டுவிடும். பாதை முழுக்க நிழல் விழும்வரை நின்றால் வேட்டைக்காரர்கள் முந்திவிடுவார்கள்.

“பாதிப் பாதையில நிழல் விழட்டும். அதுவரைக்கும் கொக்குக்குக் காத்திருப்பேன். அப்புறம் ஒரு நொடிகூட நிக்க மாட்டேன்!”

நிழல் உச்சியிலிருந்து இறங்கியது. மெல்ல, மிக மெல்ல. குழிக்குள் குட்டியின் முனகல் தேய்ந்தது. கொக்கைக் காணோம்.

நிழல் பாதிப் பாதையைத் தொட்டது.

“இன்னும் கொஞ்சம் பொறு!” என்றது ஓணான்.

முயல் பாய்ந்துவிட்டது!

கீழ்ப்பாதியில் பாறை காலைச் சுட்டது. மலையிறங்கி வந்த உடும்பு, “என்ன அவசரம்?” என்றது. இறங்குகிறவனிடம் சொல்லி என்ன பயன்? முயல் மூச்சை வீணாக்கவில்லை. மேல்பாதியில் பாறை ஆறியிருந்தது. அங்கே மிச்சத் தெம்பையெல்லாம் கொட்டி ஓடியது. கணவாய்க்குப் போனதும் கால் மடங்கி விழுந்தது.

தலைக்கு மேலே ஒரு வெள்ளைச் சிறகு!

“கொக்கே! குட்டி... குழியில... அடிவாரத்துல!”

“அடடா! எருமைங்க இன்னைக்கு ஆத்துப் பக்கமே வந்துட்டதால நானும் அங்க வரலை. யானைங்ககிட்டதான் போறேன்!” கொக்கு அம்பாய்ப் பறந்தது.

பூமி அதிர்ந்தது. தாய் யானை கணவாய்க்கு ஏறி வந்தாள். துதிக்கையில் இருந்த ஆற்றுத் தண்ணீரை முயல் மேல் பீய்ச்சிவிட்டு, நிற்காமல் கீழே இறங்கினாள். குழியின் கரையை மிதித்து மிதித்துச் சரித்தாள். சரிந்த மண்ணில் குட்டி தட்டுத்தடுமாறி ஏறி வந்தது.

சற்று நேரத்தில் கயிறோடு வந்தவர்கள் குழியை எட்டிப் பார்த்தார்கள்.

“என்னய்யா, வெறும் மண்ணும் தழையும்தான் கிடக்கு!”

இருக்கும் பலத்தை எடுத்த எடுப்பிலேயே இறைப்பதும் வீண், பொறுத்துக்கொண்டே இருப்பதும் வீண். எதுவரை பொறுப்பது என்று முன்பே முடிவு செய்து, அந்த வேளை வந்ததும் முழுமூச்சாய்ப் புறப்படுகிறவரே காரியத்தை முடிப்பார்.