மேஜையில் போன யோனா

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் கண்டிப்பாகச் சிரிப்பீர்கள். அதற்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் அந்த இடம் இன்னும் வரவில்லை. இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும். ஈ புகுந்தால் கம்பெனி பொறுப்பல்ல.

முதலில் ஒரு மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேஜையில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆறடி நீளம், மூன்றடி அகலம், நாலு கால். அதில் ஒரு கால் கட்டை என்பதால் அடியில் பழைய கேள்வித்தாள் மடித்து வைத்திருக்கும். திருச்செந்தூர் சாலையில் இருக்கிற புனித பெலிசியான் பல்கலைக்கழகத்தின் அனிமேஷன் மற்றும் டிஜிட்டல் திரைப்படத் துறைக்குச் சொந்தமான மேஜை. துறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அதன் ஸ்டுடியோ, மெஸ்ஸின் அரிசிக் கிடங்காக இருந்த ஒற்றை அறை. இன்றைக்கும் கீபோர்டைத் தட்டினால் வண்டு விழும்.

இறுதியாண்டில் மூன்று பேர். டைட்டஸ் இயக்குநர். கோமதிநாயகம் கேமரா. இவாஞ்சலின் கையில் எப்போதும் ஒரு நோட்டு. யார் என்ன சொன்னாலும் அதில் ஏறிவிடும். போன வருடம் துறைத் தலைவர் தும்மியதைக்கூட எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறாள்.

மூவரிலும் டைட்டஸின் கழுத்தில்தான் கத்தி. இறுதித் தேர்வில் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருக்கிறான். தூத்துக்குடியில் அவன் அப்பாவுக்கு ஐஸ் கம்பெனி. ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே பேசிப் பேசி, கோயிலில் ஜெபம் சொன்னால்கூட அவர் குரல் எட்டூருக்குக் கேட்கும். போன வாரம் போனில் கத்தினார்:

"எலே டைட்டசு! இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா பொட்டியக் கெட்டிட்டு வந்துரு! ஐஸ் ஒடைக்க ஆளு இல்லாம கெடக்கு! இங்க இருவத்துநாலு பிரேமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! ஒரு சம்மட்டி போதும்!"

பக்கத்து அறைக்காரன்கூட "சரிங்க" என்றான்.

இறுதித் தேர்வு என்பது இரண்டு நிமிஷக் களிமண் பொம்மைப் படம். பைபிளில் வருகிற தீர்க்கதரிசி யோனாவை மீன் விழுங்க வேண்டும். சனிக்கிழமை துறை விழா. ஆயர், அதாவது பிஷப், வந்து பார்ப்பார். துறைத் தலைவர் ஃபாதர் வியாகுலம் திங்கட்கிழமை காலையில் வந்து, பிரசங்கத்தில் இழுப்பது போல இழுத்து இழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

"பிள்ளைகளே... ஒரு படம் எடு. ஒரு விரல் நகர்த்து. மறுபடி ஒரு படம். மறுபடி ஒரு விரல். கேமரா... ஆடவே கூடாது. பொம்மை மேல சும்மா சும்மா கை வைக்காதீங்க, இந்த வெயிலுக்குக் களிமண் இளகிரும். வேலை முடியிற வரைக்கும் பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஆமென்."

சொல்லிவிட்டு தவக்காலத் தியானம் நடத்த வெளியூர் போய்விட்டார். போகிற போக்கில் மெஸ் வாசலில் தன் கையாலேயே ஒரு பலகையை மாட்டினார்: "உயிர்ப்பு ஞாயிறு வரை கறி, மீன், முட்டை கிடையாது. ஒறுத்தலே உயர்வு."

மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். களிமண் யோனா தாடியோடு நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி மீன், வாயைப் பிளந்துகொண்டு.

"கேமரா ஆடக் கூடாதுன்னாரு," என்றான் கோமதிநாயகம். "ஸ்டாண்டு தரையில நின்னா, நாம நடக்கையில ஆடும். மேஜையோடவே சேத்துக் கெட்டிருவோம்."

துணி காயப்போடும் கயிற்றால் கேமராவை மேஜையின் ஓரத்தில் ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். இப்போது பூகம்பம் வந்தாலும் ஆடாது. ஆடினால் மேஜையும் சேர்ந்துதான் ஆட வேண்டும்.

முதல் படம் எடுத்தாயிற்று. அடுத்தது ஒரு விரல் நகர்த்த வேண்டும். டைட்டஸ் யோனாவை நோக்கிக் கையை நீட்டினான்.

"கை!" என்று அலறினாள் இவாஞ்சலின். நோட்டைப் புரட்டி வாசித்தாள். "பொம்மை மேல கை வைக்காதீங்க. ஒம்பதே கால் மணிக்குச் சொல்லிருக்காரு."

டைட்டஸ் கையை இழுத்துக்கொண்டான். மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். எதையாவது ஒரு விரல் நகர்த்தியாக வேண்டும். பொம்மையைத் தொடக் கூடாது. கேமராவோ கட்டிக் கிடக்கிறது.

"அப்ப மிச்சம் என்ன இருக்கு?" என்றான் டைட்டஸ்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேஜையைப் பார்த்தார்கள்.

இல்லை, இது அந்த இடம் இல்லை. பொறுங்கள்.

இவாஞ்சலின் கணக்குப் போட்டாள். விநாடிக்கு இருபத்து நாலு படம், இரண்டு நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. அத்தனை விரலும் நகர்த்தினால் மேஜை அறையைத் தாண்டி, வராந்தா முழுக்கப் போய், படியிறங்கி, சிற்றாலய வாசலில் நிற்கும்.

"கோயில் வாசல்ல போய் முடியுதா?" டைட்டஸுக்கு மெய்சிலிர்த்தது. "ஃபாதர் எவ்வளவு யோசிச்சுச் சொல்லிருக்காரு பாத்தியா!"

மேஜை கிளம்பியது. ஒரு விரல், ஒரு கிளிக். ஒரு விரல், ஒரு கிளிக். திங்கட்கிழமை சாயங்காலம் அறை வாசலைத் தாண்டியது. செவ்வாய்க்கிழமை வராந்தாவில் பி.காம். வகுப்பைக் கடந்தது. வகுப்பெடுத்துக்கொண்டிருந்த பேராசிரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னப்பா, மேஜையை ஷிப்ட் பண்றீங்களா?" என்றார்.

"ஆமா மிஸ். அனிமேஷன்."

"எப்போ முடியும்?"

"வெள்ளிக்கிழமை மிஸ்."

அவர் பாடத்துக்குத் திரும்பினார். புதன்கிழமை மெஸ் பலகை வந்தது, போனது. வியாழக்கிழமை கோமதிநாயகத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவனுக்கு வருடத்துக்கு ஒன்று வரும்.

"ஏ டைட்டசு, யோனா நாலு நாளா போய்க்கிட்டே இருக்கான். மீனு இன்னும் அதே ஒரு மொழம் தூரத்துலதான நிக்குது?"

வேலை நின்றது. மூவரும் குனிந்து அளந்தார்கள். ஒரு முழம், நூல் பிசகவில்லை.

"மீனும் போகுதுல்லா," என்றாள் இவாஞ்சலின் யோசனையாக. "இவன் ஒரு விரல் போனா, அதுவும் ஒரு விரல் போகுது."

"அது எதுக்குப் போகுது? அது இவன விழுங்கணும்லா?"

டைட்டஸ் இயக்குநர் அல்லவா, தாடையைத் தடவினான். "பயந்துருக்கும்," என்றான். "இவ்வளவு பெரிய தீர்க்கதரிசி நேர வந்தா, எந்த மீனா இருந்தாலும் ஓடத்தான் செய்யும்."

இவாஞ்சலின் எழுதிக்கொண்டாள்: மீன், பயம்.

வெள்ளிக்கிழமை மதியம் மேஜை ஃபாதர் வியாகுலத்தின் அறை ஜன்னலுக்கு நேரே வந்தது. தியானம் முடிந்து காலையில்தான் அவர் திரும்பியிருந்தார். நீளமான ஜன்னல். கடக்க நூறு விரல் பிடித்தது. நூறு விரலுக்கு ஒரு மணி நேரம். அத்தனை நேரமும் மூவரும் யோனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து கிரிக்கெட் வர்ணனைச் சத்தம் வந்தது. ஏதோ வாசனைகூட வந்தது. கோமதிநாயகத்தின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது, கண் திரும்பவில்லை. சொல் என்றால் சொல்.

படிக்கட்டுதான் படுத்தியது. மேஜை திடீரென்று இறங்கினால் கேமரா ஆடும். சிற்றாலயத்திலிருந்து பாட்டுப் புத்தகங்களை அள்ளிவந்து நாலு காலுக்கும் அடியில் அடுக்கி, ஒவ்வொன்றாக உருவினார்கள். ஒரு புத்தகம் சரியாக ஒரு விரல் தடிமன்.

"ஆண்டவரு முன்னாடியே பிளான் பண்ணிருக்காரு," என்றான் கோமதிநாயகம்.

அன்றைக்குச் சாயங்காலப் பூசையில் மேளம் மட்டும் அடித்தார்கள்.

சனிக்கிழமை. அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் ஆயர். அவருக்கு வருடம் முழுக்க ஜலதோஷம், பேசினால் மூக்குதான் பேசும். பக்கத்தில் ஃபாதர் வியாகுலம். கடைசி வரிசையில் டைட்டஸின் அப்பா, கையோடு பெட்டியைக் கட்டிப்போக வெறும் பெட்டியோடு வந்திருந்தார்.

விளக்கணைந்தது. திரையில் யோனா நின்றான், மீன் நின்றது. இரண்டும் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஆனால் பின்னால் உலகம் ஓடியது. சுவர் ஓடியது, பி.காம். மாணவர்கள் மின்னலாக எழுந்து உட்கார்ந்தார்கள், பேராசிரியை எட்டிப் பார்த்து மறைந்தார். மெஸ் பலகை வந்தது: ஒறுத்தலே உயர்வு. கைதட்டினார்கள்.

அடுத்து ஜன்னல் வந்தது. ஜன்னலுக்குள் ஃபாதர் வியாகுலம். ஜெபப் புத்தகத்தில் சாய்த்து வைத்த போன். எதிரே மலைபோல மட்டன் பிரியாணி. நாலே விநாடியில் அந்த மலை தரைமட்டமானது. கடைசி அரை விநாடி அவர் ஓர் எலும்பைப் புல்லாங்குழல் மாதிரி பிடித்து உறிஞ்சினார்.

டைட்டஸ் இப்போதுதான் முதன்முறையாகப் பின்னணியைப் பார்க்கிறான். நெஞ்சில் அப்பாவின் சம்மட்டி 'டங்' என்று விழுந்தது.

"அதை மறுபடி போடு," என்றது ஆயரின் மூக்கு. "மெதுவா."

மெதுவாகப் போட்டார்கள். எலும்பு இப்போது மூன்று விநாடி நின்றது.

"வியாகுலம், பின்னால என்ன அது?"

ஃபாதர் எழுந்தார். நெற்றி வேர்வையைத் துடைத்தார். "நினிவே, ஆண்டகை. யோனா போய்த் திருத்த வேண்டிய, பாவத்துல மூழ்கிக் கிடக்கிற... நினிவே நகரம்."

"அந்த எலும்பு?"

"நினிவே ராஜா, ஆண்டகை. மனந்திரும்புறதுக்கு... முன்னால."

ஆயர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஃபாதரைப் பார்த்தார். "ராஜாவோட நடிப்பு அபாரம்," என்றார். "இந்தப் பிள்ளைகளுக்கு முதல் பரிசு கொடுக்கலேன்னா அது பாவம்."

ஃபாதர் அங்கேயே, நின்ற நிலையிலேயே மூவருக்கும் பாஸ் போட்டார். பின் வரிசையிலிருந்து "எலே, எம்மவன்லே!" என்று ஒரு குரல் வந்தது, கூரையில் புறாக்கள் பறந்தன.

இதற்கே சிரிக்கிறீர்களா? சரி, உங்கள் இஷ்டம். அந்த இடம் இனிமேல்தான்.

திங்கட்கிழமை காலையில், பூசைக்கு வந்தவர்களெல்லாம் வாசலில் நின்ற மேஜையில் முட்டிக்கொண்டதால், ஃபாதர் வியாகுலம் மூவரையும் கூப்பிட்டார்.

"எப்படிக் கொண்டு போனீங்களோ, அப்படியே கொண்டுபோய் ஸ்டுடியோல வைங்க."

அப்படியே என்றால் அப்படியேதான். ஒரு விரல், ஒரு கிளிக். பாட்டுப் புத்தகங்கள் மறுபடி காலுக்கடியில் ஏறின. பதினோராவது புத்தகத்தைச் செருகும்போது கோமதிநாயகம் தும்மினான். மேஜை குலுங்கியது. யோனா தானாகவே மீனை நோக்கி ஒரு விரல் சறுக்கி நின்றான். கோமதிநாயகம் வழக்கப்படி கிளிக் செய்தான்.

டைட்டஸ் கேமராவில் கடைசி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

"எலே... யோனா நடக்கான்."

"எங்க?"

"இந்தா பாரு. இங்க நிக்கான். இங்க வந்துட்டான். மீனு அங்கனயே நிக்குது!" டைட்டஸ் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். "நகத்த வேண்டியது மேஜையை இல்லலே! பொம்மையை! பொம்மையைத்தான் நகத்தச் சொல்லிருக்காரு!"

"கை வைக்கக் கூடாதுன்னாரே," என்றாள் இவாஞ்சலின், நோட்டைத் தொட்டபடி.

"குச்சியால தள்ளிருக்கலாம்லா!"

முதலில் டைட்டஸுக்கு வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு படியில் உருண்டு உருண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வழிய. மற்ற இருவரும் அவனைக் கவலையோடு பார்த்தார்கள்.

"அப்ப இந்த மேஜை?" என்றான் கோமதிநாயகம்.

"அது எதுக்கு? அதுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? இங்கனயே கெடக்கட்டும்."

"ஃபாதர் கொண்டுபோய் வைக்கச் சொன்னாரே?"

"நகத்த வேண்டியது பொம்மையைன்னு இப்பத்தான சொன்னேன்? ஒரு ஈர்க்குச்சி எடு."

கேமராவைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, யோனாவைப் பாட்டுப் புத்தகத்தில் ஏந்தி வராந்தா தரையில் இறக்கினார்கள். மூவரும் மண்டியிட்டார்கள். டைட்டஸ் ஈர்க்குச்சியால் தள்ளினான். ஒரு விரல், ஒரு கிளிக். ஸ்டுடியோவுக்கு இன்னும் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் விரல். சாயங்காலத்துக்குள் முதல் ஜன்னலை நெருங்கினார்கள்.

உள்ளே கிரிக்கெட் வர்ணனை சட்டென்று நின்றது. படக்கென்று ஜன்னல் சாத்திக்கொண்டது.