சம்மதம் கேட்காத சிலுவை

பல நூறு ஆண்டுகளுக்கு முன், மேற்குத் தேசத்தில் வெர்னோல் என்றொரு மலையூர் இருந்தது. அன்று அதன் கோயில் முற்றத்தில் கூடியிருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் நாற்பத்தொருவர். பெண்கள் முப்பத்தொன்பது பேர். பிள்ளைகள் இருபத்தாறு. பல்லக்குத் தூக்கிகள் நால்வர், எழுத்தர் ஒருவர், பல்லக்கில் பாப்பரசர் ஒருவர். ஆக நூற்றுப் பன்னிரண்டு பேர்.

வேற்று மதத்தார் கையிலிருந்த புனித நகரமான எருசலேமை மீட்கப் போருக்குப் போகிறவன் தோளில் சிவப்புத் துணியால் சிலுவை தைத்துக்கொள்வான். தைத்தபின் பின்வாங்கக் கூடாது. ஆனால் மணமானவன் தைத்துக்கொள்ள மனைவி சம்மதிக்க வேண்டும். திருச்சபையின் பழைய சட்டம் அது.

அந்தப் போருக்கு ஆள் சேர்க்கப் பாப்பரசரின் முதல் தூதர் வந்தார். பாவமெல்லாம் தீரும் என்றார். பெண்கள் சம்மதிக்கவில்லை. இரண்டாம் தூதர் வந்தார். மோட்சம் நிச்சயம் என்றார். பெண்கள் சம்மதிக்கவில்லை. தனியாகப் போக மணமாகாதவர்களுக்கும் மனமில்லை.

மூன்றாம் முறை பாப்பரசரே வந்தார். அவர் பேசப் பேச ஆண்கள் அழுதார்கள். ஊருக்கு ரொட்டி சுடும் ஓடோ முதல் ஆளாகப் போய்த் தோளைக் காட்டினான். அவன் மனைவி அமெலின், ஏழு மாதக் கர்ப்பிணி, குறுக்கே வந்து நின்றாள்.

"நான் சம்மதிக்கிறேன் சுவாமி. முதலில் உங்கள் தோளில் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்."

"எனக்கு வயதாகிவிட்டது, மகளே."

"என் மாமனார் உங்களுக்கு மூத்தவர். அதோ, வரிசையில் நிற்கிறார்."

"எனக்கு இங்கே வேலை இருக்கிறது."

"இவருக்கு மட்டும் இல்லையா? நாளைக்கு ஊருக்கு ரொட்டி யார் சுடுவது?"

"நானும் போய்விட்டால், மற்றவர்களை யார் அனுப்புவது?"

முற்றமே சிரித்தது. பாப்பரசர் சிரிக்கவில்லை. எழுத்தரைப் பார்த்து, "எழுது. இந்தப் பயணத்துக்கு இனி மனைவியின் சம்மதம் தேவையில்லை" என்றார்.

ஒரே வரிதான். மை காயும் முன்பே, சிரித்த ஆண்கள் எல்லாரும் வரிசைக்கு ஓடினார்கள்.

"வாடா ஓடோ, இனி அவளிடம் என்ன கேள்வி!" என்று ஒருவன் கூவினான். ஓடோ மனைவியின் முகத்தைப் பார்க்காமலே தைத்துக்கொண்டான்.

நடக்க முடியாத மூவர் தவிர முப்பத்தெட்டுப் பேர் புறப்பட்டார்கள். கடலைக் காணும் முன்பே காய்ச்சலில் ஒன்பது பேர் போனார்கள். அமெலினின் மாமனார் அதில் ஒருவர். கப்பல் கவிழ்ந்து பதினான்கு பேர் போனார்கள். மிஞ்சியவர்களைத் தலைவர்கள் வழியிலிருந்த ஒரு செல்வ நகரத்தின்மேல் ஏவினார்கள். அந்த ஊராரும் சிலுவையைக் கும்பிடுகிறவர்களே. அந்த மதிலடியில் பதின்மூன்று பேர் விழுந்தார்கள். ஓடோ அதில் ஒருவன். எருசலேமை ஒருவரும் பார்க்கவில்லை.

சேதி கேட்ட பாப்பரசர் ஒரு பூசை வைத்தார். பிறகு அடுத்த ஊருக்குப் பல்லக்கைத் தூக்கச் சொன்னார்.

கேட்டவர்களே, தான் போகாத போருக்கு உங்களை அனுப்புகிறவன் எவ்வளவு உயர்ந்த பீடத்தில் இருந்தாலும், அவன் சொல்லை நம்பிப் புறப்படாதீர்கள்.

வெர்னோலுக்குத் திரும்பியவர்கள் இரண்டு பேர்.