கூடவே வந்த நிறங்கள்

முன்னொரு காலத்தில், மலைக்கும் ஏரிக்கும் நடுவே மஞ்சாடியூர் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஓர் அரசன், அரசனுக்கு ஓர் அரண்மனை. அதெல்லாம் எல்லாக் கதையிலும் உண்டு. மஞ்சாடியூரில் மட்டும் இன்னொன்று உண்டு. அங்கே கிழிந்த துணியை யாரும் எறியமாட்டார்கள், சிலம்பாயிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சிலம்பாயி ஒட்டுப் போர்வை தைக்கிறவள். அவளுடைய கணவன் உப்பு வண்டியோடு போனவன், திரும்பவில்லை. செவ்வந்தி என்று ஒரு சின்ன மகள். ஓர் ஊசி. ஒரு மூட்டை கந்தல். அவ்வளவுதான் குடும்பம்.

இன்றைக்கு என்ன தைக்கலாம் என்று அவள் மோவாயில் கைவைத்து யோசித்ததே கிடையாது. காலையில் தெருவில் இறங்கி நடப்பாள். காத்தாயி வீட்டுக் கூரையில் மிளகாய் காய்வதைப் பார்ப்பாள். முறத்தில் வட்டம் வட்டமாக நறுக்கி வைத்த புடலங்காயைப் பார்ப்பாள். மாட்டு வண்டி ஏறிப் பாதி அழிந்துபோன கோலத்தைப் பார்ப்பாள். “அடடே, நேராக இருந்ததைவிட இது நன்றாயிருக்கிறதே” என்று அங்கேயே நின்றுவிடுவாள்.

வீட்டுக்கு வந்து மூட்டையைக் கொட்டித் தேடுவாள். மிளகாயின் சிவப்பு அதில் இருக்காது. யாரோ ஒருத்தியின் பழைய கல்யாணப் புடவைச் சிவப்புதான் இருக்கும். அதைத் தைப்பாள். பச்சை போதவில்லை என்றால் ஒரு புடலங்காயை நீலத்தில் வைத்துவிடுவாள். ஊரே பார்த்துச் சிரிக்கும். சிரித்துவிட்டு, அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்.

அந்த ஊர்ப் போர்வைக்காரிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதைப் பார்த்துத் தைக்க நினைத்தாலும், பார்த்து முடித்ததும் அதனிடம் சொல்லிக்கொண்டுதான் புறப்படுவார்கள். “நான் வரேன், நீ இரு” என்பார்கள். மிளகாயிடமும் சொல்வார்கள், காக்காயிடமும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. அதுவரை யாரும் சொல்லாமல் வந்ததில்லை.

அரசன் பெயர் கோவரையன். அவன் கால் விளங்காமல் போய்ப் படுக்கையாகிவிட்டான். ஒருநாள் சிலம்பாயியைக் கூப்பிட்டனுப்பினான்.

“என்னால் என் ஊரைப் போய்ப் பார்க்க முடியவில்லை. நீ என் ஊரைத் தைத்துக் கொண்டுவா. நான் படுத்தபடியே பார்த்துக்கொள்கிறேன். அரண்மனைத் தெருவில் உனக்கு வீடு தருகிறேன்” என்றான்.

சிலம்பாயி ஆசை ஆசையாகத் தைத்தாள். ஒரு மூலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அரசன் தடவிப் பார்த்தான்.

“மிளகாய் மாதிரி இருக்கிறது. கோலம் மாதிரி இருக்கிறது. கிளி மாதிரி இருக்கிறது. எல்லாம் மாதிரிதான் சிலம்பாயி, ஊர் எங்கே?” என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரே மெச்சிய கை அல்லவா! முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். வழியில் காத்தாயி வீட்டு மிளகாயின் முன் நின்று, ‘உன் சிவப்பு மட்டும் எனக்குக் கிடைத்தால்’ என்று வெறித்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மழை வந்தது. காத்தாயி மிளகாயை அள்ளப் பாய்ந்தாள். சிலம்பாயி தன் துணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சொல்லிக்கொள்ள மறந்துபோனாள்.

வீட்டில் கூடையை இறக்கினால், உள்ளே இருந்த வெள்ளைத் துணி ஒன்று சிவந்து கிடந்தது. மழையில் நனைந்த கூடையில் அது மட்டும் காய்ந்திருந்தது. தொட்டால் வெயிலில் கிடந்ததுபோலச் சுட்டது. முகர்ந்தால் தும்மல் வந்தது.

சற்று நேரத்தில் காத்தாயி கூவிக்கொண்டு வந்தாள். “அடி சிலம்பாயி, இங்க வந்து பாரேன்! என் மிளகா அத்தனையும் நரைச்சுப் போச்சுடி! கடிச்சுப் பார்த்தேன், உறைப்பே இல்ல!”

அவள் உள்ளங்கையில் மிளகாய்கள் வெள்ளை வெளேரென்று புழுக்கள் மாதிரிக் கிடந்தன. சிலம்பாயிக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. சிவந்த துணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“மழைத் தண்ணி பட்டிருக்கும் அக்கா” என்றாள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணியை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். அரசன் அதைத் தொட்டான், தும்மினான், வாய்விட்டுச் சிரித்தான். “இதுதான் ஊர்! இதுபோலவே எல்லாம் வேண்டும்” என்றான்.

அதன் பிறகு அவள் எந்த வீட்டிலும் கந்தல் கேட்கவில்லை. அரண்மனை வெள்ளைத் துணியைக் கூடையில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டாள். குயவன் சூளைக்கு முன்னால் நின்றாள், பார்த்தாள், சொல்லாமல் வந்தாள். ஏரித் தாமரைக்கு முன்னால் நின்றாள், பார்த்தாள், சொல்லாமல் வந்தாள். கோயில் கோபுரத்தில் கிளிகள் குஞ்சு பொரித்திருந்தன. அங்கேயும் நின்றாள், பார்த்தாள், சொல்லாமல் வந்தாள்.

நிறங்கள் அவள் பின்னாலேயே வந்தன. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் முதுகில் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தால், துணிக்குள் சுருண்டு படுத்திருக்கும்.

மஞ்சாடியூர் வெளுத்தது. மஞ்சள் பூசிக் குளித்த பெண்கள் சுண்ணாம்பு பூசியவர்கள்போலக் கரையேறினார்கள். நெற்றியில் குங்குமம் இட்டால் விபூதி இட்டதுபோலத் தெரிந்தது. காக்காய்க்குச் சோறு வைத்தவர்கள், வந்தது காக்காயா கொக்கா என்று தெரியாமல் விழித்தார்கள். “இனி என் பிழைப்புக்கு வேலையே இல்லை” என்று வண்ணான் முதலில் சிரித்தான். பிறகு அவனும் சிரிக்கவில்லை. தாமரையில் வண்டு உட்காரவில்லை. பிள்ளைகள் தெருவுக்கு வரவில்லை.

அரண்மனையிலோ போர்வை நாளுக்கு நாள் வளர்ந்தது. சாயங்காலமானால், காற்றே இல்லாத நேரத்தில், அது அரசனின் மேலிருந்து மெல்ல நழுவி ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அரசன் நான்கு மூலையிலும் கல்லை வைக்கச் சொன்னான். கல்லுக்கடியில் துணி துடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் வெள்ளையாக மிஞ்சியது.

“பார்த்தவுடனே நாளைக்கும் உயிரோடு இருக்கவேண்டும் என்று தோன்றுகிற ஒன்றை இங்கே வை” என்றான் அரசன்.

மறுநாள் காலையில் சிலம்பாயி கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செவ்வந்தி படியில் உட்கார்ந்து பனம்பழம் சூப்பிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் பழச்சாறு. அம்மாவைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தாள். சிலம்பாயி நின்றாள். ‘ஆகா, என்ன அழகு!’ என்று பார்த்தாள். பெற்ற கண்ணால் பார்க்கவில்லை, துணிக்கு நிறம் தேடுகிற கண்ணால் பார்த்தாள்.

“அம்மா, எங்க போற?” என்றாள் குழந்தை.

சொல்லாமல் போய்ப் பழகியவள் அல்லவா? பதில் சொல்லாமல் விறுவிறுவென்று போய்விட்டாள்.

அரண்மனையில் கூடையைத் திறந்தபோது, துணியில் இருந்த நிறத்துக்குப் பெயர் சொல்ல அவளுக்கே தெரியவில்லை. பொன்னும் இல்லை, சிவப்பும் இல்லை. எங்கே எடுத்தோம் என்று யோசித்துக்கூடப் பார்க்காமல் அதை நடுவில் வைத்துத் தைத்தாள், முடிச்சுப் போட்டாள். அரசன் பார்த்தான். அவன் கண்ணில் நீர் வந்தது.

அவள் குதூகலமாக வீடு திரும்பினாள். செவ்வந்தி அதே படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த பழம் வெள்ளை. கன்னம் வெள்ளை. உதடு வெள்ளை. தலைமுடி நூல்போல வெள்ளை. கண்ணில் கருமணி இல்லை. அம்மா வந்தது தெரிந்து முகத்தைத் திருப்பினாள், ஆனால் சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

சிலம்பாயி கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். “நீ இரு கண்ணு, நீ இரு, நீ இரு” என்று மூன்று முறை சொன்னாள். போனபின் சொன்னால் அது வெறும் பேச்சு. குழந்தையின் கையைப் பிடித்தாள். கிணற்றுக்குள் கையை விட்டதுபோல இருந்தது. பொழுது சாய்வதற்குள் மூச்சும் வெளுத்துப் போய்விடும் என்று பெற்றவளுக்குத் தெரிந்தது.

தலைவிரிகோலமாக அரண்மனைக்கு ஓடினாள். அரசன் காலில் விழுந்தாள். தான் செய்ததை எல்லாம், காத்தாயியிடம் சொன்ன பொய் உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னாள். “போர்வையைக் குடுத்திடுங்க மகாராசா, என் பிள்ளை போயிடும்!”

அரசன் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டான். “என் ஊர் மொத்தமும் இப்போதுதான் என் மடிக்கு வந்திருக்கிறது. தரமாட்டேன். ஆனால் நீ தாய். பாவமாக இருக்கிறது. இந்தப் போர்வையிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று. இது அரச வாக்கு” என்றான்.

சிலம்பாயியின் கை நேராக நடு ஒட்டுக்குப் போனது. அது குழந்தையின் வயிறுபோல வெதுவெதுப்பாக இருந்தது. இதோ, கத்தரித்து எடுத்தால் போதும். மகள் பிழைத்துக்கொள்வாள்.

அப்போது ஜன்னல் வழியே ஊர் தெரிந்தது. எது வீடு, எது வானம் என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரு கூரையில் காத்தாயி உட்கார்ந்து, வெள்ளை மிளகாய்களை இன்னும் விடாமல் திருப்பித் திருப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பிழைத்த மகளைக் கூட்டிக்கொண்டு எந்தத் தெருவில் நடப்பது? யார் முகத்தில் விழிப்பது?

சிலம்பாயி கையை எடுத்துக்கொண்டாள்.

“மகாராசா, எனக்கு ஒட்டு எதுவும் வேண்டாம். நூலை எடுத்துக்கறேன்.”

“நூலா?” அரசன் சிரித்தான். “பைத்தியமா நீ? எடுத்துக்கொள், எடுத்துக்கொள்.”

அந்த ஊர்ப் போர்வையை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் முடிப்பார்கள். முடிச்சும் ஒன்று, நூலும் ஒன்று. ராசாக்கள் போர்வையைப் போர்த்துவார்களே தவிர, புரட்டிப் பார்க்கமாட்டார்கள்.

சிலம்பாயி நடு முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். நூலை இழுத்தாள். நடு ஒட்டு கழன்றது. சோற்றுப் பானையைத் திறந்ததும் ஆவி எழுவதுபோல அதிலிருந்து நிறம் எழுந்து, ஜன்னல் வழியே போயிற்று.

அரசனுக்கு அப்போதுதான் புரிந்தது. “போதும்! உன் பிள்ளை உனக்குக் கிடைத்துவிட்டது. நிறுத்து!” என்று அலறினான். காவலன் வாளை உருவிக்கொண்டு வந்து நின்றான்.

உண்மையில் அவள் நிறுத்தியிருக்கலாம். மகள் பிழைத்தாயிற்று. இதற்கு மேல் இழுத்தால் தலை போகும்.

“எடுத்த நூல் பாதிதான் மகாராசா. நீங்க குடுத்த வாக்கு முழுசு” என்றாள். சொல்லிவிட்டு இழுத்தாள்.

காவலன் அரசனைப் பார்த்தான். அரசனால் வாக்கை விழுங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். தாமரை போயிற்று. சூளை போயிற்று. மிளகாய் போயிற்று. அறை முழுவதும் ஒரு கணம் சந்தைபோல இரைந்து, பிறகு அடங்கியது. அரசன் மடியில் வெள்ளைக் கந்தல்கள் மட்டும் மிஞ்சின.

சிலம்பாயி வீட்டுக்கு ஓடியபோது, செவ்வந்தி கன்னமெல்லாம் பழச்சாறோடு தேம்பிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போன? சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

சிலம்பாயி அவளை வாரி எடுத்து, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டாள்.

பிறகு காத்தாயி வீட்டுக்குப் போய்க் குனிந்த தலையோடு நின்றதும், காத்தாயி திட்டித் தீர்த்துவிட்டு ஒரு கந்தலை எடுத்துக் கொடுத்ததும், அரசனைப் பல்லக்கில் வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிப்போனதும் நடந்தன. கதை அதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக எழுந்து போயிருப்பேன்.

எல்லா நிறமும் வீடு திரும்பியது, ஒன்றைத் தவிர. ஊர் வெளுத்திருந்த நாட்களில், கோபுரத்துத் தாய்க்கிளி ஒன்று தன் குஞ்சை அடையாளம் தெரியாமல் பொந்திலிருந்து தள்ளிவிட்டிருந்தது. அந்தக் குஞ்சின் பச்சை கோபுரத்துக்குப் போய்த் தேடியது. குஞ்சு இல்லை. போக்கிடம் இல்லாமல், தன்னைக் கூட்டி வந்தவளின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

சிலம்பாயி வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை. பாசியும் இல்லை, சாயமும் இல்லை. சுண்ணாம்பு அடித்தால் சுண்ணாம்புக்கு மேலே வந்து உட்கார்ந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் கோபுரத்துக் கிளிகள் கத்தினால், அது சுவரிலேயே படபடவென்று அடித்துக்கொண்டது.

“அம்மா, இது யாரோடது?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“ஒரு கிளிக்குஞ்சோடது.”

“அது எப்பம்மா வந்து எடுத்துக்கும்?”

சிலம்பாயி அந்தப் பச்சையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுவரைப் பார்த்தபடி அழுதாள்.

ஆகவே பெரியவர்களே, பிள்ளைகளே, கண்ணில் பட்ட அழகைப் பார்த்து நம் கையில் இருப்பதைக்கொண்டு புதிதாகச் செய்யலாம், அந்த அழகையே அது வாழும் இடத்திலிருந்து பறித்துக்கொண்டு வரக்கூடாது.